எமலோகக் கணக்கில் ஒரு பிழை: மறுவாய்ப்பு நகைச்சுவைப் படங்கள் இயங்கும் விதம்

செத்தவர் ஒருவர் திரையில் எழுந்து நடமாடினால் அதைப் பேய்ப்படம் என்கிறோம். அவரே மீண்டும் உயிரோடு வந்து வாழத் தொடங்கினால் மறுபிறவிப் படம் என்கிறோம். இடையில் எமன் எருமை மீதேறி வந்துவிட்டால் புராணப் படம் என்று சொல்லிவிடுகிறோம். இந்த மூன்று பெயர்களுக்கும் அடங்காத நான்காவது வகை ஒன்று இருக்கிறது. ஒரு மனிதன் சாகிறான், அல்லது சாவின் வாசல்வரை போகிறான். அங்கே ஏதோ ஒரு தவறோ சலுகையோ அவனுக்குச் சாதகமாக அமைகிறது. சில நிபந்தனைகளோடு அவன் பூமிக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான். இவ்வளவும் சிரிப்பை வரவழைக்கும் விதத்தில் சொல்லப்படுகிறது. இதை மறுவாய்ப்பு நகைச்சுவை என்று அழைக்கலாம்.

இந்த வகையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் மாயத்தையே முன்னிறுத்துகிறார்கள்: மேகக்கூட்டம், பொன்னிற அரண்மனை, புகை, தந்திரக் காட்சி. உண்மையில் இந்தப் படங்களை ஓட்டும் எந்திரம் வேறிடத்தில், ஒரு பேரேட்டுப் புத்தகத்திலும் அதைப் பராமரிக்கும் எழுத்தரிடமும் இருக்கிறது.

மறுபிறவி வேறு, மறுவாய்ப்பு வேறு

முதலில் வேலி போட்டுக்கொள்வோம். மறுபிறவிக் கதையில் ஒருவர் இறந்து, வேறொரு தாய் வயிற்றில் மீண்டும் பிறக்கிறார். பழைய நினைவு அழிந்திருக்கும். கதை என்பதே அந்த நினைவு மெல்லத் திரும்புவதுதான். ஸ்ரீதர் இயக்கி 1963இல் வெளிவந்த ‘நெஞ்சம் மறப்பதில்லை’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதில் சிரிப்புக்கு வேலை இல்லை. அச்சமும் ஏக்கமுமே அதன் சுவை.

பேய்க்கதையில் நினைவு அப்படியே இருக்கிறது, ஆனால் உடல் இல்லை. முடியாமல் போன ஒரு வேலையை முடித்துவிட்டு விடைபெறுவதே ஆவியின் நோக்கம். கமல்ஹாசன் இரட்டை வேடத்தில் நடித்த ‘கல்யாணராமன்’ (1979) நன்றாகச் சிரிக்க வைக்கும் படம்தான் என்றாலும், கொலையுண்டவனின் ஆவி உடன்பிறந்தவனுக்குள் புகுந்து கணக்குத் தீர்ப்பதால் அது பேய்க்கதையின் குடும்பத்தைச் சேர்ந்ததே.

மறுவாய்ப்புக் கதையில் நினைவும் உண்டு, உடலும் உண்டு. இங்கே மறுவாய்ப்பு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்: நினைவு அறுபடாத அதே ஆள், வாழும் உரிமையோடு, ஒரு நிபந்தனையின் கீழ் திரும்பி வருவது. இந்த மூன்று கூறுகளில் நினைவை எடுத்துவிட்டால் மறுபிறவி ஆகிவிடும்; வாழும் உரிமையை எடுத்துவிட்டால் பேயாகிவிடும்; நிபந்தனையை எடுத்துவிட்டாலோ கதையே இருக்காது.

பியூஸைப் பிடுங்கியவர் தவறு

நிபந்தனை ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள மின்வாரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டாத 41ஆம் எண் வீட்டின் இணைப்பைத் துண்டிக்க வந்த ஊழியர், எண்ணை மாற்றிப் படித்து 14ஆம் எண் வீட்டின் பியூஸைப் பிடுங்கிவிட்டுப் போகிறார். தவறு அலுவலகத்துடையது, ஆனால் அலைய வேண்டியவர் 14ஆம் எண் வீட்டுக்காரர். அவர் போய்க் கேட்டால், பதிவேட்டில் துண்டிப்பு ஏறிவிட்டது, இனி மறு இணைப்புக்கு விண்ணப்பம் எழுதித் தாருங்கள் என்கிறார்கள். தவறை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், ஆனாலும் விதியை மீற யாருக்கும் அதிகாரம் இல்லை. இதற்குள் அவர் வீடே இடிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டால், மறு இணைப்பை எங்கே கொடுப்பது?

மறுவாய்ப்பு நகைச்சுவையின் அடிப்படைச் சிக்கல் இதுதான். உயிரைத் தவறாகப் பறித்தாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. ஆனால் அதற்குள் உடலை எரித்துவிட்டார்கள். உடல் அப்படியே கிடந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். உடல் இல்லாமல் போவதால்தான் வேறு உடல், வேறு வீடு, வேறு பகை, வேறு காதல் என்று கதை விரிகிறது.

ஜோர்டன் என்ற மேலதிகாரி

இந்தச் சட்டகத்தைத் திரையில் தெளிவாக நிறுவிய படம் 1941இல் கொலம்பியா நிறுவனத்தின் வெளியீடாக, அலெக்சாண்டர் ஹால் இயக்கத்தில் வந்த ‘ஹியர் கம்ஸ் மிஸ்டர் ஜோர்டன்’. ஹாரி சீகல் எழுதிய ஒரு நாடகமே அதற்கு மூலம். கதைக்காக அவருக்கும், திரைக்கதைக்காக சிட்னி புக்மன், சீட்டன் மில்லர் ஆகியோருக்கும் ஆஸ்கர் விருது கிடைத்தது. இதன் அமைப்பைச் சற்று அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது.

ஜோ பெண்டில்டன் ஒரு குத்துச்சண்டை வீரன். சொந்தமாகச் சிறிய விமானம் ஓட்டுவான். சாக்ஸஃபோனை மோசமாக வாசிப்பான். சாம்பியன் பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் வேளையில் விமானம் கட்டுப்பாட்டை இழக்கிறது. தூதன் 7013, அதாவது பெயர்கூட இல்லாமல் எண்ணால் மட்டும் அறியப்படும் ஒரு கடைநிலை ஊழியன், விமானம் தரையில் மோதும் வேதனையை ஜோவுக்குத் தர வேண்டாமே என்று இரக்கப்பட்டு, மோதுவதற்கு முன்பே உயிரை எடுத்துவிடுகிறான். மேலதிகாரி ஜோர்டன் கணக்கைப் பார்க்கச் சொன்னால், ஜோவுக்கு இன்னும் ஐம்பது ஆண்டுகள் ஆயுள் இருக்கிறது. அவன் அந்த விபத்தில் பிழைத்திருக்க வேண்டியவன்.

இங்கே கவனிக்க வேண்டியது, பிழை கெட்ட எண்ணத்தால் நேரவில்லை என்பது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவனின் அவசர நல்லெண்ணம்தான் காரணம். பிறகு உடலைத் தேடிப் போனால், ஜோவின் மேலாளர் கார்க்கிள் அதை எரித்துவிட்டிருக்கிறார். ஜோர்டன் வேறு உடல் தேடித் தருகிறார்: மனைவியும் செயலாளரும் சேர்ந்து அப்போதுதான் குளியல் தொட்டியில் மூழ்கடித்துக் கொன்ற ஃபார்ன்ஸ்வொர்த் என்ற பெரும் பணக்காரனின் உடல். கொன்றவர்கள் கீழே நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, கொல்லப்பட்டவர் மாடியிலிருந்து குளித்த கோலத்தில் இறங்கி வருகிறார். கொலைகாரர்களின் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர்களால் வாய்திறந்து எதையும் கேட்கவும் முடியாது.

இதற்குப் பெயர் நாடக முரண்: கதைமாந்தர் அறியாத ஒன்றைப் பார்வையாளர் அறிந்திருப்பதால் பிறக்கும் சுவை. படத்தின் மிக நல்ல காட்சி இந்த முரணின் மீதே நிற்கிறது. உடல் மாறியபிறகும் திரையில் நமக்குத் தெரிவது பழைய நடிகர் ராபர்ட் மான்ட்கொமரியின் முகம்தான். மற்றக் கதைமாந்தர்களின் கண்ணுக்கு மட்டும் அவர் ஃபார்ன்ஸ்வொர்த். எனவே மேலாளர் கார்க்கிளை நம்பவைக்க ஜோ படாதபாடு படுகிறான். கடைசியில் சாக்ஸஃபோனை எடுத்து வாசிக்கிறான். அந்த அபசுரத்தைக் கேட்டதும் கார்க்கிள் ஆடிப்போகிறார். இவ்வளவு கேவலமாக வாசிக்க உலகத்தில் ஒருவனால்தான் முடியும்! ஒருவரின் அடையாளம் அவருடைய திறமையில் அல்லாமல் குறையில் இருக்கிறது என்பதை ஒரு வரி வசனமும் இன்றிச் சொல்லிவிடும் காட்சி அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கணக்கில் பிழை, அதனால் உரிமை, உடல் இல்லாமை, அதனால் நிபந்தனை, நினைவு அறுபடாமை, அதனால் நாடக முரண். இம்மூன்றும் ஒன்றோடொன்று பற்சக்கரம்போலப் பொருந்தியிருக்கின்றன.

தாமதமும் ஒரு வாதம்தான்

பிழைக்குப் பதில் தாமதத்தை வைத்து இதே சட்டகத்தை உயர்த்திய படம், மைக்கேல் பவலும் எமெரிக் பிரஸ்பர்கரும் 1946இல் பிரிட்டனில் எடுத்த ‘எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்’. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், எரியும் விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதிக்கிறான் பீட்டர் கார்ட்டர். அவனை அழைத்துப்போக வேண்டிய தூதன், பிரெஞ்சுப் புரட்சியில் தலையை இழந்த ஒரு பிரபு. ஆங்கிலக் கால்வாயின் பனிமூட்டத்தில் பீட்டரைத் தவறவிட்டுவிடுகிறான். தவறு தெரிந்து அவன் திரும்பி வருவதற்குள் பீட்டருக்கும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கும் காதல் மலர்ந்துவிடுகிறது. உங்கள் தாமதத்தால் எனக்குப் புதிய பொறுப்பு உண்டாகிவிட்டது, எனவே இனி நான் வர முடியாது என்று பீட்டர் மேல்முறையீடு செய்கிறான். மேலுலகில் வழக்கு நடக்கிறது. அதே நேரத்தில் பூமியில் அவனுக்கு மூளை அறுவைச் சிகிச்சை நடப்பதால், வழக்கு அவனுடைய மயக்கத்தில் தோன்றும் காட்சியா, உண்மையா என்பதைப் படம் முடிவு செய்து சொல்வதில்லை. பூமி முழு வண்ணத்திலும் மேலுலகம் கறுப்பு வெள்ளையிலும் காட்டப்படுகின்றன. பூமிக்கு இறங்கிவரும் தூதனே மேலே வண்ணம் இல்லையே என்று அங்கலாய்ப்பான்.

இந்த இரண்டு படங்களும், சாகத் துணிந்தவனை ஒரு தேவதூதன் வாழ்க்கைக்குத் திருப்பிவிடும் கதையாக ஃபிராங்க் காப்ரா எடுத்து அதே 1946இல் வந்த ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படமும், ஆறே ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுவதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. இளைஞர்கள் காலத்துக்கு முந்திச் சாகும் செய்தி அன்றாடம் வீட்டுக் கதவைத் தட்டிய காலம் அது. அவன் ஆயுள் முடியவில்லை, எங்கோ ஏதோ தவறு நடந்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு அன்று மிகப் பெரிய ஆறுதல் மதிப்பு இருந்திருக்கும்.

சாவித்திரி வழியும் மார்க்கண்டேயன் வழியும்

நம் பக்கம் இந்தக் கதைக்கு அமெரிக்காவிடம் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. சித்திரகுப்தன் என்ற எழுத்தரை நாம் வெகுகாலமாக வைத்திருக்கிறோம். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. கையில் ஏடும் எழுத்தாணியுமாக அமர்ந்திருக்கிறார். சித்ரா பௌர்ணமியன்று அவரை நினைத்து நோன்பிருப்பவர்கள் இன்றும் உண்டு.

ஆனால் எமனிடமிருந்து மீண்ட கதைகள் நம் மரபில் இரண்டு விதமாக இருக்கின்றன. திருக்கடையூரில் மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்கிறான். சிவன் வெளிப்பட்டு எமனை உதைக்கிறார். அங்கே விதியை அதைவிடப் பெரிய ஆற்றல் ஒன்று உடைக்கிறது. பக்திக்கு அது உச்சம், ஆனால் நகைச்சுவைக்கு அதில் இடமில்லை. மகாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் சாவித்திரி செய்வது வேறு. கணவனின் உயிரைக் கொண்டுபோகும் எமனின் பின்னாலேயே நடந்து, அறம் பேசி, அவன் மனம் குளிரக் குளிர வரம் வாங்குகிறாள். கணவனின் உயிரைத் தவிர எதை வேண்டுமானாலும் கேள் என்பது எமன் வைத்த நிபந்தனை. அவள் சத்தியவான் வழியாகத் தனக்கு நூறு மக்கள் வேண்டும் என்று கேட்க, எமனும் தருகிறான். அப்புறம் கணவன் இல்லாமல் அந்த வரம் எப்படிப் பலிக்கும்? எமனின் வாக்கு பொய்க்கக் கூடாது என்றால் உயிரைத் திருப்பித் தந்தே ஆகவேண்டும். சாவித்திரி எந்த விதியையும் மீறவில்லை. எமனை அவனுடைய சொல்லாலேயே கட்டிவிட்டாள். மறுவாய்ப்பு நகைச்சுவைப் படங்கள் அத்தனையும் சாவித்திரியின் வாரிசுகள் என்பது என் கருத்து.

சீனாவிலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு. பதினாறாம் நூற்றாண்டு நாவலான ‘மேற்கு நோக்கிய பயண’த்தில் தாய்சோங் பேரரசர் இறந்து பாதாளம் போகிறார். போகும்போதே அங்கே பதிவேடு பார்க்கும் அதிகாரிக்குத் தன் அமைச்சரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு போகிறார். பேரேட்டில் அவருடைய ஆட்சி பதின்மூன்றாம் ஆண்டில் முடிவதாக எழுதியிருக்கிறது. அதிகாரி தூரிகையை எடுத்து இரண்டே இரண்டு கோடுகளைச் சேர்த்து அதை முப்பத்து மூன்று ஆக்கிவிடுகிறார். இருபது ஆண்டு ஆயுள் கூடிவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் கால்கடுக்க நின்றவன் எவனோதான் இதைக் கற்பனை செய்திருக்க முடியும்.

எமலோகம் தமிழ்த் திரைக்கு வந்தபோது

1958இல் வங்காளத்தில் பானு பந்தோபாத்யாய் நடித்து ‘யமாலயே ஜீபந்த மானுஷ்’ வெளிவந்தது; எமலோகத்தில் உயிருள்ள மனிதன் என்று பொருள். 1960இல் சி. புல்லையா இதே கருவைத் தெலுங்கில் ‘தேவாந்தகுடு’ என்றும், தமிழில் கே.ஏ. தங்கவேலுவை வைத்து ‘நான் கண்ட சொர்க்கம்’ என்றும் எடுத்தார். என்.டி. ராமராவின் ‘யமகோலா’ (1977) தமிழுக்கு வந்தபோது சிவாஜி கணேசன் நடித்த ‘யமனுக்கு யமன்’ (1980) ஆயிற்று. சிரஞ்சீவியின் ‘யமுடிகி மொகுடு’ (1988), எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த ‘அதிசய பிறவி’ (1990) ஆயிற்று. தெலுங்கின் ‘யமலீலா’ (1994), கார்த்திக் நடித்த ‘லக்கி மேன்’ (1995) ஆகி, அதில் கவுண்டமணி எமனாக வந்தார். தெலுங்குக்காரர்களுக்கு எமன் மீது தனி வாஞ்சை என்றே சொல்ல வேண்டும்.

‘அதிசய பிறவி’யின் கதைச் சிக்கலும் உடல் எரிக்கப்பட்ட சிக்கல்தான். ஆனால் தீர்வில் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. ஹாலிவுட் படம், உடல் மாறினாலும் நடிகரின் முகம் உங்களுக்கு மாறாது என்று பார்வையாளரிடம் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறது. நம் திரைக்கு அந்த ஒப்பந்தமே தேவைப்படவில்லை; இரட்டை வேடம் கையில் தயாராக இருந்தது. உருவத்தில் அச்சு அசலாக ஒத்த இன்னொருவனின் உடலுக்கு உயிரை அனுப்பினால் முகச் சிக்கல் தீர்ந்தது. பயந்தாங்கொள்ளியின் உடலில் முரடன் வந்து அமர்ந்ததால் கைதட்டலும் கிடைத்தது. இழப்பும் உண்டு. வேற்று உடலில் ஒருவன் தன்னை நிரூபிக்கத் திணறும் அந்த சாக்ஸஃபோன் காட்சிக்கு இங்கே இடமில்லாமல் போய்விடுகிறது. மேலும், பூமிக்கு இறங்கியதும் எமலோக விதிகளை மறந்துவிட்டு, பிற்பாதி முழுவதும் வழக்கமான பழிவாங்கும் படமாக நடைபோடும் பழக்கம் இந்த எமன் படங்களில் பலவற்றுக்கு உண்டு. எமனை மீண்டும் நினைத்தால் சிரிப்புக்கு ஒரு பாட்டு வைப்பார்கள், அவ்வளவுதான்.

நம்மூர் எமலோகம் ஏன் இவ்வளவு எளிதாகச் சிரிப்பூட்டுகிறது என்பதற்கு உத்தரப் பிரதேசத்தில் நடந்த ஒரு நிகழ்வே போதும். அசம்கர் மாவட்டத்து லால் பிகாரி, வருவாய்த் துறைப் பதிவேட்டில் இறந்தவராகக் குறிக்கப்பட்டு, தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க 1994 வரை போராடினார். தன்னைப் போன்றவர்களுக்காக ‘மிருதக் சங்கம்’, அதாவது இறந்தவர்கள் சங்கம், என்று ஒரு சங்கமே தொடங்கினார். பேரேடு சொன்னால் நேரில் நிற்கும் ஆளும் செத்தவர்தான் என்பதை அறிந்த பார்வையாளருக்குச் சித்திரகுப்தனின் பிழையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு சுருக்கம்: விதியை உடைத்தால் புராணம், விதிக்குள்ளேயே ஓட்டை கண்டுபிடித்தால் நகைச்சுவை. உடல் சிக்கலை ஹாலிவுட் ஒரு பாவனையால் தீர்த்தது, நாம் இரட்டை வேடத்தால் தீர்த்தோம்.

சாகாமலே கிடைக்கும் மறுவாய்ப்பு

அண்மைக் காலத்தில் சாவு இல்லாமலே இந்தச் சட்டகம் இயங்கத் தொடங்கியிருக்கிறது. அஸ்வத் மாரிமுத்து இயக்கிய ‘ஓ மை கடவுளே’ (2020) படத்தில் நாயகன் நிற்பது விவாகரத்து நீதிமன்றத்தில். கடவுளாக வரும் விஜய் சேதுபதி கொடுக்கும் ஒரு சீட்டின் உதவியால் அவன் திருமணத்துக்கு முந்தைய கட்டத்துக்குப் போய், எடுத்த முடிவை மாற்றிப் பார்க்கிறான். அவனுக்கும் நினைவு தொடர்கிறது, நிபந்தனை இருக்கிறது. சாவுக்குப் பதிலாக மணமுறிவு அமர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே இதையும் அதே குடும்பத்தில் சேர்க்கலாம்.

காலச்சுழல் படங்களைச் சேர்க்கத்தான் எனக்குத் தயக்கம். காலச்சுழல் என்பது ஒரே நாள் அல்லது ஒரே நிகழ்வு திரும்பத் திரும்ப நடப்பது. ‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993) அதன் புகழ்பெற்ற நகைச்சுவை வடிவம்; தமிழில் ‘மாநாடு’ (2021) அதே உத்தியை அரசியல் பரபரப்புக் கதைக்குப் பயன்படுத்தியது. வாய்ப்பு எண்ணற்ற முறை கிடைக்கும்போது ஒவ்வொன்றின் விலையும் குறைந்துவிடுகிறது. தவறினால் மறுபடி பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல் அந்தப் படங்களின் சிரிப்புக்குக் காரணம். மறுவாய்ப்புப் படத்திலோ வாய்ப்பு ஒன்றே ஒன்று, அதுவும் யாரோ முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தது.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

புதியவர்கள் 1941ஆம் ஆண்டுப் படத்தையும் ‘அதிசய பிறவி’யையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இங்கே சொன்னவை கண்ணெதிரே விளங்கும். 1941 படத்தின் முடிவில் ஜோவின் நினைவு ஏன் அழிக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள்: நினைவு இருக்கும்வரை அவன் விருந்தாளி, அது போன பிறகே அவன் கடைசியாகப் புகும் உடல் அவனுக்குச் சொந்தமாகிறது.

தலைப்புக் குழப்பம் ஒன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சீகலின் நாடகத்துக்குப் பெயர் ‘ஹெவன் கேன் வெயிட்’. அதைப் படமாக்கியபோது பெயரை மாற்றினார்கள். வாரன் பீட்டியும் பக் ஹென்றியும் 1978இல் மீண்டும் எடுத்தபோது குத்துச்சண்டை வீரனை அமெரிக்கக் கால்பந்து வீரனாக்கி, நாடகத்தின் பழைய பெயரையே வைத்தார்கள். 2001இல் கிறிஸ் ராக் நடித்து ‘டவுன் டு எர்த்’ என்று மூன்றாம் முறை வந்தது. இவற்றுக்கு நடுவே 1943இல் எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் எடுத்த ‘ஹெவன் கேன் வெயிட்’ என்ற படமும் இருக்கிறது. நல்ல படம்தான், இறந்துபோன ஒருவர் நரகத்தின் வாசலில் உட்கார்ந்து தன் வாழ்க்கையைச் சொல்கிறார். ஆனால் அவரை யாரும் தவறுதலாக அழைத்துவரவில்லை, அவரும் திரும்பிப்போகக் கேட்கவில்லை. தேடும்போது ஆண்டைப் பார்த்துத் தேடுங்கள்.